பொன்னாடை தண்ணி உறிஞ்சாது

மாப்ளே, உனக்கு அறுபது முடியப்போவுதுன்னு உன் சம்சாரம், அதான் நம்ம மருமக, போன்ல சொன்னப்போ, "எந்த அறுபதும்மா?"ன்னு கேட்டேன். பின்னே, உனக்கு இருக்கறது ரெண்டு அறுபதாச்சே! உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கக் கூட்டிட்டுப் போனவனே நான்தான். வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொன்னாரு ஹெட்மாஸ்டர். நீ எட்டாம மூக்கைத் தொட்டுட்டு நின்னே. சரி தொலையட்டும்னு 1965 மே மாசத்துல ஒரு தேதியைப் போட்டு உன்னை உள்ள தள்ளினாரு. ஜாதகப்படி நீ விசுவாவசு வருஷம் தை மாசம், அதாவது 1966 ஜனவரி. உன் வயசுக்காரங்க சர்டிபிகேட்டை எல்லாம் எடுத்துப் பாரு, மேயிலயும் ஜூன்லயும்தான் கூட்டம் கூட்டமாப் பொறந்திருப்பாங்க. மத்த மாசத்துல எல்லாம் இந்த ஊர்ப் பொம்பளைங்க விரதம் இருந்தாங்களோ என்னமோ.

ஆக, சர்க்கார் அறுபது போன மே மாசமே முடிஞ்சு, மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சாமி அறுபது வர்ற தையிலதான். நடுவுல இருக்கற இந்த எட்டு மாசம் ரொம்பப் பொல்லாதது. ஆபீசுல நீ பழைய ஆளு, வீட்டுல நீ புது ஆளு. காலையில அடுப்பங்கரை வாசல்ல நின்னுக்கிட்டு, "இந்த மொளகாத்தூள் டப்பா எதுக்கு இங்க இருக்கு?"ன்னு விளக்கம் கேக்கறியாமே? மருமக சொல்லி அழுவுது. அழுவலை, சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. மெமோ குடுத்தாலும் டப்பா பதில் எழுதாது மாப்ளே. அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்.

முன்னெல்லாம் 58ல ரிட்டயர் ஆவாங்க. ரெண்டு வருஷம் திண்ணையில உக்காந்து உடம்பு ஆறினதுக்கு அப்புறம் அறுபதாங் கல்யாணம் வரும். 2020ல அதை 59 ஆக்குனாங்க, மறு வருஷமே 60 ஆக்கிட்டாங்க. இப்ப ஓய்வும் கல்யாணமும் ஒரே வருஷத்துல வந்து விழுது. கிராஜுவிட்டி கைக்கு வர்றதும் பத்திரிகை அடிக்கறதும் ஒரே நேரமாப் போச்சா, "அப்பாவே பார்த்துக்குவாரு"ன்னு பசங்க ரொம்பப் பெருந்தன்மையா ஒதுங்கிக்கறாங்க. உன் பெரியவன் அப்படிப்பட்டவன் இல்லேன்னு நீ சொல்லுவே. அவன் உன்கிட்ட ஒரு மனைக்கட்டு பத்திப் பேச்சை எடுத்தானா இல்லையா? எடுக்கலேன்னா இன்னும் ஒரு வாரம் பொறு.

ஆபீசுல போட்ட பொன்னாடையெல்லாம் பீரோவுல அடுக்கி வச்சிருக்கியாம். அதுல ஒன்னை எடுத்துக் குளிச்சுட்டுத் தலை தொவட்டிப் பாரு. ஜரிகை கன்னத்தைக் கீறுமே தவிர, ஒரு சொட்டுத் தண்ணி உறிஞ்சாது. போர்த்தின அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அது துணி. இதை நீ இப்பவே தெரிஞ்சுக்கிட்டா தையில வர்ற கூத்தைத் தாங்கிக்குவே.

சரி, நீ கேட்டு விட்ட விஷயத்துக்கு வர்றேன். "மாமா, அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கறதா, இல்ல அந்தக் காசுல பென்ஷனர் சங்கத்தோட நாலு ஊரு சுத்திட்டு வர்றதா?" ரெண்டையும் பண்ணு. ஆனா ஒன்னுல நடந்துக்கற மாதிரி இன்னொன்னுல நடந்துக்காதே. விழாவுல நீ உற்சவர். எந்த மாலை வேணும்னு உற்சவர் கேப்பாரா? இந்தத் தெருவு வேணாம், அந்தத் தெருவு வழியாப் போவலாம்னு சொல்லுவாரா? தூக்கறவன் தூக்கற பக்கம் போவணும், எறக்கற இடத்துல இருக்கணும், சூடம் காட்டினா பேசாம வாங்கிக்கணும். டூர்ல நீ வெறும் சீட்டு நம்பர். உன்னை யாரும் தூக்க மாட்டாங்க. நேரத்துக்கு வரலேன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க. எனக்குப் பிடிச்சது ரெண்டாவதுதான். ஆனா மொதல்ல முதலாவதைக் கடக்கணுமே.

அறுபதுல அப்படி என்ன விசேஷம்னு உன் சின்னவன் கேட்டானாம். குரு ஒரு சுத்து வர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு 30 வருஷம். அறுபதுல குரு அஞ்சு சுத்தும் சனி ரெண்டு சுத்தும் முடிச்சு, நீ பொறந்தப்போ எங்க இருந்தாங்களோ ஏறக்குறைய அங்கேயே வந்து நிப்பாங்க. வருஷப் பேரும் அப்படித்தான். பிரபவயில ஆரம்பிச்சு அட்சயவுல முடியற அறுபதும் ஒரு சுத்து வந்து, நீ பொறந்த விசுவாவசு போன சித்திரையில திரும்பப் பொறந்தாச்சு. வானத்துல குருவும் சனியும் பழைய இடத்துப் பக்கம் வந்துட்டாங்க. உன் முட்டிதான் வரலை.

திருக்கடையூர்தானே போறீங்க? வேற எங்க போவீங்க! பதினாறு வயசு மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனைக் காலால உதைச்ச இடம். எட்டு வீரட்டானத்துல ஒன்னு. மத்த ஊர்ல நட்சத்திரம் பார்க்கணும், மாசம் பார்க்கணும். அங்க வருஷம் பூரா கல்யாணம்தான். அறுபது பொறந்தா உக்ரரத சாந்தி, முடிஞ்சா சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். நல்ல நாள்ல போனீன்னா பிராகாரம் முழுக்க ஜோடி ஜோடியாக் கிழவன் கிழவி. பட்டு வேட்டியில நிக்கற ஆளு எந்த வீட்டு மாப்பிள்ளைன்னு அவங்க வீட்டுக்காரங்களே தேடுவாங்க. பேரப்புள்ள ஒன்னு வேற தாத்தா மடியில ஏறி உக்காந்து கல்கண்டு தின்னதை என் கண்ணாலப் பார்த்தேன். அந்தத் தாத்தாவும் கண்டுக்கலை. யாரோ ஒருத்தரோட பேரன், உக்காந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டாரு.

உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு கலசத் தண்ணியைத் தலையில ஊத்துவாங்க. மொதல்ல புள்ளைங்க, அப்புறம் மருமகப்புள்ளைங்க, சம்பந்தி, அப்புறம் உனக்கு யாருன்னே தெரியாத ஒருத்தர். ஊத்தறவங்க எல்லாரும் புண்ணியம்னு ஊத்துவாங்க. தை மாசத்துக் காலை நேரத்துல நடுங்கப்போறவன் நீ ஒருத்தன்தான். எங்கக்கா, அதான் உங்கம்மா, சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "ஈரத்தோட நிக்காதடா, சளி பிடிச்சுக்கும்"னு மந்திரத்தை விடச் சத்தமாக் கத்தும். பார்த்துக்கிட்டே இரு. அந்த நேரத்துல பக்கத்துல இருக்கற பொன்னாடையை எடுத்துடாதே. ஒரு பழைய காசித்துண்டு பையில வச்சுக்க.

அப்புறம் தாலி. நம்ம சொந்தத்துல ஒருத்தருக்குப் போன வருஷம் அங்க நடந்தது. பேரு வேணாம், நீ போயி சொல்லிடுவே. மனுசன் கையெல்லாம் ஆட, கண்ணாடி நழுவ, ஒரு வழியா முடிச்சைப் போட்டாரு. போட்டோக்காரன் ஓடி வந்து, "சார், பின்னாடி யாரோ குறுக்க வந்துட்டாங்க, இன்னொரு தரம் கட்டற மாதிரி பண்ணுங்க"ன்னான். பண்ணினாரு. "மேடம் சிரிக்கலையே, இன்னும் ஒரே ஒரு தரம்"னான். அப்ப அந்தம்மா குனிஞ்ச தலை நிமிராமச் சொன்னாங்க: "தம்பி, இவரு மொதத் தடவை கட்டினதுக்கே கணக்கு இன்னும் தீரலை. நீ வேற ஏத்தாதே." பக்கத்துல இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அட்சதையை வாயில போட்டுக்கிட்டு சிரிப்பை அடக்கினேன்.

மாப்ளே, அந்தக் கணக்கு உன் வீட்டுலயும் இருக்கு. நீ ரிட்டயர் ஆனே. மருமகளுக்கு யாராவது மாலை போட்டு ஆர்டர் குடுத்தாங்களா? முன்னே காலையில ஒரு காபி போட்டவ, இப்ப நீ வீட்டுல இருக்கறதால மூணு காபி போடறா. கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொன்னா "நாளைக்குப் பார்க்கலாம்"ங்கறியாம். பட்டா மாறுதலுக்கு வந்தவன்கிட்ட சொல்லிப் பழகின வாயி. அவன் பொறுத்துக்குவான், ரசம் பொறுத்துக்குமா? விழாவுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போறப்போ வெலையைப் பார்த்து முகத்தைச் சுளிக்காம இரு. என் பொண்ணைக் கட்டிக்கச் சொல்லி நான் கேட்டப்போ, "மாமா, இப்பவே கல்யாணம் வேணாம்"னு தப்பிச்சு ஓடினவன்தானே நீ? எனக்கு அந்தக் கோவம் எல்லாம் இல்ல. இருந்தா மருமகளுக்கு ஏன் இப்படிப் பரிஞ்சுக்கிட்டு வர்றேன்?

இனிமே டூர். பென்ஷனர் சங்கம்னா போ. மனமகிழ் மன்றம்னு போர்டு போட்ட எல்லா இடத்துக்கும் நுழைஞ்சுடாதே. சில இடத்துல வயசு கேக்க மாட்டாங்க, சோடாவா தண்ணியான்னுதான் கேப்பாங்க.

சங்கத்துல நீ சேர்ற அன்னிக்கே ஒரு அதிர்ச்சி இருக்கு, முன்கூட்டிச் சொல்லிடறேன். உன் ஆபீசுல டவாலி போட்டுக்கிட்டு உனக்குக் கதவு தெறந்துவிட்ட பெரியவர்தான் இப்ப அங்க பொருளாளர். கையில ஒரு நாப்பது பக்க நோட்டு. யாரு பணம் கட்டினாங்க, யாரு கட்டலை, யாருக்கு சக்கரை, யாருக்கு முன்சீட்டு, எல்லாம் அதுல இருக்கு. நீ போயி, "நான் துணைத் தாசில்தாரா இருந்தவன்"னா, "தெரியும் சார், 23ஆம் நம்பர், கடைசிக்கு முந்தின வரிசை, சக்கரத்துக்கு மேல"ம்பாரு. கோவப்படாதே. உனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்து, மிச்சச் சில்லறையை மேசையில வச்சு, நீ நிமிர்ந்து பார்ப்பியான்னு நின்ன மனுசன். இப்ப நீ நில்லு கொஞ்ச நேரம்.

ஆனா ஒன்னு. அந்தக் கடைசிக்கு முந்தின வரிசையில கெடைக்கற சொகம் முன்சீட்டுல கெடைக்காது. முன்சீட்டுல தலைவர் உக்காந்து டிரைவருக்கு வழி சொல்லுவாரு, டிரைவர் அவரை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஓட்டுவாரு. பின்னாடி என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. முறுக்கு டப்பா சுத்தி வர்றதும், யாரோட சம்பந்தி சரியில்லேங்கறதும், பழைய கலெக்டர் ஒருத்தர் எப்படி மழையில மாட்டிக்கிட்டாருங்கறதும் அங்கதான். எட்டு மணி ஆனா ஒரே நேரத்துல எல்லாப் போனும் மாத்திரைக்கு அலாரம் அடிக்கும். எவன் போன்னு தெரியாம எல்லாரும் முழுங்குவாங்க. டிரைவர் ஒருத்தன் உன்னைப் பார்த்து, "பெருசு, சீக்கிரம் ஏறு, வண்டியை எடுக்கணும்"னு சொல்லுவான் பாரு, முப்பது வருஷமா 'ஐயா, ஐயா'ன்னு கேட்டுக் கனத்துப்போன காது அப்பதான் லேசாவும். நீ ஏறிடுவே. கோப்பு கேக்க மாட்டே.

மொதத் தடவைக்கு நவக்கிரகம் நல்லது, கிட்டக்க இருக்கு. 2024லேர்ந்து கும்பகோணத்துல இருந்து அரசு பஸ்ஸே ஒரே நாள்ல ஒன்பதையும் சுத்திக் காட்டுது, 750 ரூபாய்னு ஆரம்பிச்சாங்க. சங்கத்து வேன்ல போனா அவ்வளவு சுறுசுறுப்பு இருக்காது. திங்களூர்ல சந்திரனைப் பார்த்துட்டு, ஆலங்குடியில குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை போட்டுட்டு, திருநாகேஸ்வரம் போறதுக்குள்ள எட்டுப் பேருக்கு ஒன்னுக்கு வந்துடும். கோயில்ல உச்சிகாலம் முடிஞ்சா நடை சாத்திடுவான், திரும்பத் தெறக்க நாலு மணி. அதுவரைக்கும் புளியமரத்தடியில புளிசாதம். இங்கதான் ஒரு சூட்சுமம்: சங்கத்துப் புளிசாதத்தை வாங்கிக்கோ, தின்னாதே. மருமக கட்டிக் குடுத்த தயிர்சாதத்தைத் தின்னு. காலையில கெளம்பறப்போ தண்ணியைக் குறைச்சுக் குடிக்கறேன்னு வீரம் பேசாதே; வெயில்ல மயங்கி விழுந்தீன்னா மிச்சக் கிரகமும் பார்க்காம வண்டி திரும்பிடும். சூரியனார்கோயில் போறவரைக்கும் சூரியனை மதிக்காம இருந்தவங்க கதி எனக்குத் தெரியும்.

கடைசியில திருநள்ளாறு. அது காரைக்கால், புதுச்சேரி சர்க்காரு. நளதீர்த்தத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வர்றோம்னு ஒரு ரெண்டு மூணு பேரு எறங்கிப் போவாங்க. மத்தவங்க எல்லாம் சனி பகவானைப் பார்த்து, எள்ளு தீபம் போட்டுத் திரும்பி வந்து வேன்ல உக்காந்திருக்க, அவங்க மட்டும் லேட்டா வருவாங்க. எண்ணெய்க் குளியல்தான், ஆனா அடிக்கறது நல்லெண்ணெய் வாசனையா இருக்காது. நோட்டுக்காரர் மோந்து பார்த்து ஒரு புள்ளி வச்சுக்குவாரு. நீ அந்தப் புள்ளியில மாட்டாதே. மாட்டினாலும் மருமகளுக்கு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு பங்கு வந்தா.

தூரத்துப் பயணத்துக்கு ரயிலுன்னா ஒரு கெட்ட சேதி. ஆம்பளைக்கு 60 ஆனா டிக்கெட்டுல நூத்துக்கு 40 தள்ளுபடி, பொம்பளைக்கு 58லயே 50 தள்ளுபடின்னு இருந்துச்சு. 2020 மார்ச்ல நிறுத்தினது, நிறுத்தினதுதான். நீ வரிசையில நின்னு கவுண்டர்கிட்ட வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. கீழ் பெர்த்து மட்டும் மிச்சம்: ஆம்பளைக்கு 60, பொம்பளைக்கு 45. மருமக பதினஞ்சு வருஷம் முந்தியே கீழ படுக்க உரிமை வாங்கினவ. நீ தூக்கம் வராம புரண்டுக்கிட்டு அவளை மேல ஏத்திடாதே.

அறநிலையத்துறை ராமேஸ்வரத்துல இருந்து காசிக்கும், அறுபடை வீட்டுக்கும் இலவசமாக் கூட்டிட்டுப் போவுது. 60லேர்ந்து 70 வயசுக்குள்ளன்னு வச்சிருக்காங்க. எழுபதைத் தாண்டினவன் காசிக்கு எப்படியும் தானாப் போயிடுவான்னு நெனைச்சுட்டாங்க போல. வருமானம் குறைச்சலா இருக்கறவங்களுக்கு அது. உன் பென்ஷனை வச்சுக்கிட்டு அந்த வரிசையில போயி நிக்காதே. பழைய பழக்கத்துல சான்றிதழ் நீயே எழுதிக்குவே.

வருஷத்துக்கு ஒரு தரம் உயிரோட இருக்கேன்னு சர்க்காருக்குக் காட்டணும் பாரு, அன்னிக்கும் சங்கத்துக்காரங்களோடயே போ. தனியாப் போனா விரல் ரேகை மிஷின் உன்னைச் செத்தவன்னு சொல்லும்; மொளகாத்தூள் டப்பாவைத் தேச்சுத் தேச்சு ரேகை அழிஞ்சு போச்சான்னு நீ பார்த்துக்கிட்டு நிப்பே. கூட்டமாப் போனா ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி, அப்படியே ஓட்டல்ல ஒரு அடை அவியலும் ஆச்சு.

என் விஷயத்துக்கு வர்றேன். நான் பார்த்திப வருஷம் சித்திரை. ஒரு பிறைக்கும் மறு பிறைக்கும் இருபத்தொன்பதரை நாள்; ஆயிரத்தால பெருக்கி வருஷக் கணக்குல போட்டா 80 வருஷமும் ஏறக்குறைய 10 மாசமும் வருது. எட்டு மாசம்னு சொல்றவங்களும் உண்டு. என் கணக்குப்படி வர்ற மாசியில எனக்கு ஆயிரம் பிறை. வீட்டுல எல்லாரும் சதாபிஷேகம் பண்ணணுங்கறாங்க. "எனக்கெதுக்கு அந்த ஆடம்பரம்"னு சொல்லிட்டேன். இன்னொரு தரம் கேப்பாங்க, அப்பவும் வேணாம்பேன். மூணாவது தரம் கேக்கறப்போ, "உங்க இஷ்டம்"னு எழுந்து போயிடுவேன். உற்சவராவறதுக்கும் ஒரு நேக்கு வேணும் மாப்ளே. ஒரே தரத்துல ஒத்துக்கிட்டா மரியாதை குறைஞ்சு போவும்.

அந்தத் தண்ணியெல்லாம் தலையில ஊத்தி முடிச்சதும் உடம்பு காயணும்ல. பங்குனியில உங்க சங்கம் ராமேஸ்வரம் போவுதாமே? பென்ஷனரும் சம்சாரமும் மட்டும்தான்னு விதி வச்சிருக்காங்கன்னு சொன்னே. அந்த நோட்டுக்காரர்கிட்ட நான் போன வாரமே பேசிட்டேன். அவரு எங்க தெருவுல பொண்ணெடுத்தவரு. மூணு இடமாப் போட்டு வச்சிருக்காரு. ஜன்னல் மருமகளுக்கு, பாதைக்கு இந்தப் பக்கம் ஒத்தைச் சீட்டு எனக்கு, நடுவுல நீ. பணத்தை மட்டும் மூணு பேருக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடு.